குரல் மாற்றிக் கொடுத்தவர்

தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கும் என் அம்மாவுக்கும் வாடகைக்குக் கிடைத்தது அவர் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். வந்த முதல் வாரத்திலேயே சுவரைத் தாண்டி வருகிற அவர் மனைவியின் குரல் எங்களுக்குப் பழகிவிட்டது. வெண்கலப் பானையைத் தட்டியது போன்ற குரல். சோறு ஆறிப்போகிறது என்பதையும், சட்டையைக் கழற்றிப் போடச் சொல்வதையும் அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வாள். அவர் பதிலுக்குச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் ஓயாத சண்டை, பாவம் அந்த மனுஷன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் சின்னக் கடை வைத்திருந்தார். பழைய ரிக்கார்டுகளிலும் பெரிய சக்கர டேப்புகளிலும் இருப்பதைக் கேசட்டுக்கு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். வீடுகளுக்குக் கேசட் பெட்டி வர ஆரம்பித்திருந்த காலம் அது. சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்கள் எப்போதோ கொண்டுவந்த சக்கர டேப்புகள், ஓட்டுவதற்கு மிஷின் இல்லாமல் பரண்களில் கிடந்தன. செங்கோட்டை, பண்பொழி, கடையம் என்று சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். சினிமாப் பாட்டு ஏற்றித் தர ஊரில் வேறு கடைகள் உண்டு. கல்யாண வீட்டில் பிடித்தது, செத்துப்போனவர்கள் பேசியது என்றால் அவரிடம்தான் வந்தார்கள்.

அவரிடம் ஒரு பிடிவாதம். எதையும் வெட்ட மாட்டார். டேப்பில் இருமல் இருந்தால் இருமல், நாய் குரைத்தால் நாய், பேசுகிறவர் பேச்சை நிறுத்திவிட்டு வெற்றிலை துப்பினால் அதுவும். இந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று யாராவது கேட்டால் டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். உள்ளது உள்ளபடி வேண்டுமென்றால் கொடுத்துவிட்டுப் போகலாம், இல்லையென்றால் வேறு கடை பார்க்கலாம் என்று முகத்துக்கு நேரே சொல்வார். வந்தவர்களுக்குக் கோபம் வரும். தலைக்கனம் பிடித்தவர் என்று அவருக்கு ஊரில் பெயர்.

கடையத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் ஒரு டேப் கொண்டுவந்தார்கள். தங்கச்சி கல்யாணத்தில் அவர்கள் அப்பா பேசியது. அப்பா காலமாகிப் பல வருஷம். டேப்பின் நடுவில் அந்த மனிதர், பந்தியில் இலை குறைந்துபோனதற்காக மூத்த மருமகளைச் சபையில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுகிறார். அந்த இடம் வேண்டாம் என்றார்கள் மகன்கள். இத்தனை வருஷம் வீட்டைத் தாங்கியவள் அதைக் கேட்டால் மனசு நோவாள் என்பது அவர்கள் கவலை. அவர் முடியாது என்றுவிட்டார். வாக்குவாதமாகி டேப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து அந்த மூத்த மருமகளே பஸ் ஏறி வந்தாள். நான் அன்று கடையில் இருந்தேன். நரைத்த தலை, கையில் அதே டேப்.

"அது இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள். "எங்க மாமா என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவதான். மத்தபடி 'ஏ பிள்ள'தான்."

அவர் டேப்பை வாங்கி மிஷினில் மாட்டினார்.

இன்னொரு ஆளையும் எனக்கு மறக்கவில்லை. கல்யாணமான புதிதில் பெண்டாட்டியை ஐந்தருவிக்குக் கூட்டிப்போய், பேட்டரி மிஷினில் அவளைப் பாடச் சொல்லிப் பிடித்திருக்கிறான். அடுத்த சீசனுக்குள் அவள் பிரசவத்தில் போய்விட்டாள். டேப்பில் முழுக்க அருவி. அதற்கு அடியில் எங்கேயோ அவள் குரல். அருவிச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு மாற்றித் தர முடியுமா என்று கேட்டான். அவர் டேப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்தச் சத்தமும் அவளும் ஒன்றாகத்தான் டேப்பில் ஏறியிருக்கிறார்கள், அதை எடுத்தால் இவளும் கூடவே போய்விடுவாள் என்று மெதுவாகச் சொன்னார். அவன் அப்படியே மாற்றி வாங்கிக்கொண்டு போனான். சாரல் சீசன் வரும்போதெல்லாம் டேப்பில் பூஞ்சை பிடிக்கும் என்று, வருஷா வருஷம் அவன் கேட்காமலே அந்தப் பழைய டேப்பை எடுத்துத் துடைத்து வைப்பார். அவன் அதைக் கடையிலேயே விட்டுப் போயிருந்தான்.

அவருக்குக் காது கேட்காது என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது கடைக்குள்ளிருந்து ஏதோ மாடு முக்குவது போலச் சத்தம். போய்ப் பார்த்தால் சக்கர மிஷினில் பெல்ட் தளர்ந்து டேப் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒரு பெண் பேசுவது ஆண் குரலாகி, இழுத்து இழுத்துப் போகிறது. ரோட்டில் போகிறவர்கள் நின்று சிரிக்கிறார்கள். அவர் டெக்கில் சத்தத்துக்குத் தக்கபடி ஆடுகிற முள்ளைப் பார்த்தபடி திருப்தியாக உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய்ச் சக்கரத்தைக் காட்டினேன். மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"யாருட்டயும் சொல்லாண்டாம் தங்கச்சி. செவிடன்ட்ட எவன் குரலக் கொண்டாந்து குடுப்பான்?"

இளவயதில் மைக் செட் வைத்திருந்தவர். தேரோட்டம், பண்பொழி மலைக்கோயில் விசேஷம், எலெக்ஷன் மீட்டிங் என்று ஊர் ஊராகக் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். முகம் பார்க்காமல் கூப்பிட்டால் திரும்பாததைத்தான் ஊர் தலைக்கனம் என்றது. மதினி தெருவுக்கே கேட்கும்படி பேசியதும் சண்டையால் இல்லை. முன்னொரு காலத்தில் சத்தமாகச் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் கேட்டிருக்கிறது. அந்தப் பழக்கம் அவளுக்குப் போகவில்லை.

அதன்பிறகு டியூட்டி முடிந்து போகும்போது கடையில் ஏறி, மாற்றி முடித்த கேசட்டுகளைக் கொஞ்சம் கேட்டுச் சொல்வேன். மனுஷக் குரலாக இருக்கிறதா, மாட்டுக் குரலாக இருக்கிறதா என்று கேட்பார். வேறு எதுவும் கேட்க மாட்டார்.

அவர்களுக்கு ஒரே மகன். பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ. ஆரம்பத்தில் கடுதாசி போட்டுக்கொண்டிருந்தான். மதினிக்கு எழுத்துத் தெரியாது. அவர்தான் வாசித்துக் காட்டுவார். பிறகு அவன் ஒரு கேசட் பெட்டி வாங்கிக்கொண்டு, கடுதாசியை விட்டுவிட்டு, கேசட்டில் பேசி அனுப்ப ஆரம்பித்தான். கேசட் வந்தால் வீட்டில் இருவரும் பெட்டிக்கு முன்னால் உட்காருவார்கள். மதினி சிரிக்கும் இடத்தில் அவரும் சிரிப்பார். முடிந்ததும் அவள் சுருக்கமாகச் சொல்வாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் புதுக் கேசட் போட்டுப் பட்டனை அழுத்தி முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மகனுக்குப் பதில் பேசுவாள். இது இரண்டு மூன்று வருஷம் நடந்தது.

இடையில் ஒரு மழைக்காலத்தில் மதினியின் குரல் கம்மிப்போனது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. அந்த வீட்டில் ஒரு வழியாகச் சமாதானம் வந்துவிட்டது என்று தெருவில் சிரித்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு. அவள் கஷாயம் வைத்துக் குடிப்பதை அவர் பார்த்தார். சளி என்று சொன்னாள். நம்பினார்.

ஒரு நாள் காலையில் அவர் கேசட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அன்று ஓய்வு நாள். மதினி கோயிலுக்குப் போயிருந்தாள். மகனிடமிருந்து முந்தின நாள் கேசட் வந்தது, மதினி கேட்டுவிட்டு அவன் நன்றாக இருப்பதாகச் சொன்னாள், ஆனால் அழுதுகொண்டே சொன்னாள் என்றார். நான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

பெட்டியைப் போட்டுக் கொஞ்சம் கேட்டதும் நிறுத்தினேன். சும்மா விசாரித்திருக்கிறான் அண்ணாச்சி என்றேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யாருக்கும் வெட்டிக் குடுத்ததில்ல, தங்கச்சி."

எங்கள் வேலையில் ஒன்று உண்டு. வெளியூர் டிரங்க் லைன் கரகரவென்று இருந்து, ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்காவிட்டால், நடுவில் இருக்கும் ஆபரேட்டர் அதை வாங்கிச் சொல்வோம். சாவுச் செய்தியைக்கூட நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டேப்பை நிறுத்தி நிறுத்தி, மகன் சொன்னதை மகன் சொன்னபடியே சொன்னேன்.

"அம்மா, இத நீ தனியா இருக்கும்போது கேளு. அப்பா பக்கத்துல இருந்தாலும் ஒண்ணுமில்ல, அவருக்குக் கேக்காது. லெட்டர் போட்டா அவருதான ஒனக்குப் படிச்சிக் காட்டணும். அதான் இதுல பேசுதேன்."

அவர் முகம் மாறவில்லை. மேலே சொல் என்று கையைக் காட்டினார்.

"போன கேசட்டுல ஒன் தொண்ட சுத்தமா அடைச்சிருக்கு. கட்டி இருக்குன்னு டாக்டர் சொன்னத அப்பாட்ட சொல்லாண்டாம்னு சொல்லுத. பக்கத்துலயே இருந்தும் தனக்குத் தெரியாமப் போச்சேன்னு அவரு ஒடஞ்சி போவாருன்னு சொல்லுத. அவரு ஒடையாம இருக்கதுக்கு நீ சாவணுமாம்மா?"

அதற்குமேல் அவன் தன்னோடு வந்து மிலிட்டரி ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிக் கெஞ்சியிருந்தான். அதையும் சொல்லி முடித்தேன். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவ பேசும்போது முந்தானைய வாயில வச்சிக்கிட்டா. இருமலுக்குன்னு நெனச்சேன்," என்றார். பிறகு, "குரல் போனது தெருவுல எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். அவர் கேசட்டைக் கவனமாகத் தொடக்கத்துக்குச் சுற்றினார். மதினி கேட்டுவிட்டு வைத்தபோது அது அப்படித்தான் இருந்ததாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவள் திரும்பி வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்.

தனக்குத் தெரியும் என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. கடைக்கு ஒரு மிஷின் வாங்க மதுரைக்குப் போகிறேன், நீயும் வந்தால் மீனாட்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். ரயிலில் போகும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டதாம். அவளும் கேட்கவில்லை. ஸ்டேஷனில் இறங்கிக் கோயிலுக்குப் போகிற வழியை விட்டு அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியபோது, அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாளாம். இதை அவர்தான் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கட்டி முற்றியிருந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளையும் அதை மூட ஒரு துணியுமாக மதினி வீட்டுக்கு வந்தாள். உதடு அசையும், சத்தம் வராது. உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அவள் சொல்வது ஒன்றும் விளங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். எனக்கும் விளங்காது. விளங்கியது அவர் ஒருவருக்குத்தான். இத்தனை வருஷமும் அந்த உதட்டைப் பார்த்துத்தானே அவர் அவளோடு குடித்தனம் நடத்தினார்.

அப்புறம் அவள் பேச்சையெல்லாம் அவர்தான் சொன்னார். கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தார். வாசலில் காய்காரி வந்து உட்கார்ந்தால், கத்தரிக்காய் முற்றல் என்று சொல்லுகிறாள், போன வாரம் நீ எடையில் ஏமாற்றினாய் என்றும் சொல்லுகிறாள் என்பார். காய்காரி முறைத்தால் அதற்கு அவர் பொறுப்பில்லை. இந்த மனுஷன் இரண்டு நாளாகச் சட்டை மாற்றவில்லை என்று சொல்லுகிறாள் என்று தன்னைப் பற்றியதையும் அதே குரலில் சொல்வார். மதினி சத்தமில்லாமல் சிரிப்பாள். அந்தச் சில மாதங்களில் அவர்கள் இருவரும் சந்தோஷமாகவே இருந்தார்கள் என்றுகூட எனக்குச் சில நேரம் தோன்றும்.

ஆனால் வலி கூடிய பிறகு ஒரு சாயங்காலம் நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். மதினி என்னைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னாள். அவர் சொல்லவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவள் திரும்பவும் சொன்னாள், கையைப் பாயில் அடித்துச் சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எவன் எவனோ பேசுனதையெல்லாம் கேசட்டுல ஏத்திக் குடுத்தாரு, பக்கத்துல கெடந்த எந் தொண்ட போனது இவருக்குத் தெரியலங்கா."

ஒரு வார்த்தை குறைக்காமல்தான் சொல்லியிருப்பார். மதினி முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவர் சொல்லி முடித்ததும் அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அவர் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான் கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாசி மாதம் அவள் போனாள். அதற்குப்பிறகு அவர் தென்காசியில் அதிக நாள் இல்லை. மகனோடு வடக்கே போய், அந்த ஊர்ப் பாஷையின் உதட்டசைவு ஒன்றும் பிடிபடாமல், யாரோடும் பேசாமல் இரண்டு வருஷம் இருந்து அங்கேயே கண்ணை மூடினார். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. மகன் டிரங்க் கால் போட்டு, லைனில் நான் இருப்பது தெரிந்து, என்னிடமே சொன்னான்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மதினியின் பதினாறாம் நாள். உறவுக்காரர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மகன், அம்மா தனக்குப் பேசி அனுப்பிய கேசட்டுகளையெல்லாம் பட்டாளத்து இரும்புப் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். அவற்றை வரிசையாக அடுக்கச் சொன்னார் அவர். அவள் குரல் எந்த இடத்தில் மாறத் தொடங்கியது என்று தெரிய வேண்டும் என்றார். மகன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு எழுந்து போய்விட்டான்.

"மாறுத எடத்துல கையத் தூக்கு தங்கச்சி," என்று சொல்லிவிட்டு அவரே கேசட்டைப் போட்டார்.

முதலில் வந்தது பழைய வெண்கலக் குரல். முற்றத்தில் மகன் தேம்புவது கேட்டது. ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு கேசட்டில், மதினி ஊரில் பெய்த மழையைப் பற்றி மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேச்சின் கடைசி கம்மி உள்ளே போனது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் கம்மியது. நான் கையைத் தூக்கினேன். அவர் உடனே நிறுத்தினார்.

"இங்கனயா?"

"ஆமா அண்ணாச்சி."

"பெறகு என்ன சொல்லுதா? உள்ளபடி சொல்லு."

டேப்பை ஓடவிட்டுக் கேட்டேன். அடுத்து வந்தது மதினி குரல் இல்லை, அவருடையது. அதை எப்படி அவரிடமே சொல்வது என்று தெரியவில்லை. அவர் காத்திருந்தார். சொன்னேன்.

"'சத்தமாப் பேசுளா, சரியாப் பதியல.'"

"நானா சொல்லுதேன்?"

தலையை ஆட்டினேன்.

"அதுக்கு அவ?"

"'ஒங்கப்பா என்னையச் சத்தமாப் பேசச் சொல்லுதாருலே'ன்னு சொல்லுதாங்க."

"கோவமாவா?"

"இல்ல அண்ணாச்சி. சிரிச்சிக்கிட்டு."

நிஜமாகவே அவள் சிரித்திருந்தாள். சிரித்துவிட்டு, எச்சில் விழுங்கி, தொண்டையைத் திரட்டிக்கொண்டு சத்தமாகவே பேச ஆரம்பித்திருந்தாள்.

அவர் திரும்பவும் பட்டனை அழுத்தினார். மதினி அந்த வருஷ மழையையும், ஒழுகுகிற அடுப்படி ஓட்டையும், மகன் லீவில் வந்தால் செய்து கொடுக்கப்போகிற பலகாரத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் அன்று முள்ளைப் பார்க்கவில்லை. பக்கம் முடிந்து கேசட் தானாக நிற்கிறவரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.